கசக்காத மாத்திரை

அன்றிரவு மாத்திரை கசக்கவில்லை.

வழக்கமாக நாக்கில் வைத்ததுமே ஒரு கசப்பு பரவும். ஈறுகளுக்குள் இறங்கி, தொண்டையின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு, எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் போகாமல், மறுநாள் காலை பற்பசை நுரையோடுதான் வெளியேறும். அந்தக் கசப்பு வந்தால் பின்னாலேயே தூக்கமும் வரும் என்று அவன் உடம்பு கற்றுவைத்திருந்தது. அன்று நாக்கில் பட்டது, சுவரைச் சுரண்டி வாயில் போட்டதுபோல் ஒரு மாவுச் சுவை. அவ்வளவுதான்.

"வாயைத் திறங்க மாமா," என்றான் பயில்வான்.

திறந்தான். மாடு வாங்க வந்தவன் பல்லைப் பார்ப்பதுபோல் பயில்வான் குனிந்து பார்த்தான். நாக்கைத் தூக்கச் சொன்னான். கன்னத்தின் இரண்டு பக்கமும் பார்த்தான்.

"சரி, உள்ள போயிடுச்சு. போய்ப் படுங்க."

"கசக்கலை."

"என்னது?"

"மாத்திரை. இன்னிக்குக் கசக்கலை."

"அதுக்கும் குறையா? உங்க மூஞ்சியப் பார்த்து அதுக்கே பாவமா இருந்திருக்கும்."

பயில்வான் மாத்திரைப் புட்டியைத் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான். சாவியைக் கழுத்துக் கயிற்றில் போட்டுக்கொண்டு கொட்டாவி விட்டான். தாடை கழன்றுவிடும்போல் அவ்வளவு பெரிய கொட்டாவி. அதைப் பார்க்க அவனுக்கு எரிச்சலாக இருந்தது. பசித்தவன் எதிரில் உட்கார்ந்து ஒருவன் ரசித்துச் சாப்பிடுவதைப் பார்ப்பதுபோல.

பயில்வான் அவன் மனைவியின் தம்பி. உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சியாளன். வண்டியிலிருந்து விழுந்து முன்கை எலும்பு முறிந்து, கட்டுப் பிரித்த பிறகும் எடை தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் சும்மா இருந்தான். சின்ன வயதில் தலையணையைத் தூக்கப் போய்க் குப்புற விழுந்த அன்று அக்கா வைத்த பட்டப்பெயர் அது. பின்னாளில் அந்தப் பெயருக்கு ஏற்ற உடம்பையும் வளர்த்துக்கொண்டான். இப்போது அந்த உடம்போடு ஹாலில் இருந்த சோபாவில் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கப் படுத்தான். விளக்கு அணைந்த உடனேயே குறட்டை கேட்டது.

அவன் படுக்கையறையில் மல்லாந்து கிடந்தான். தூக்கம் வரவில்லை.

ஒரு காலையில் அவன் கண் விழித்தபோது பக்கத்தில் படுத்திருந்தவள் விழிக்கவில்லை. இதயம் என்றார்கள். வலி தெரிந்திருக்காது என்றார்கள். தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றார்கள். எல்லோரும் ஆறுதலுக்காகச் சொன்ன அந்த ஒரு சொல்தான், 'தூக்கத்திலேயே', அவனுடைய தூக்கத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு கண் மூடினால் உடம்பு தூக்கிப்போட்டது. யாரோ பக்கத்தில் மூச்சை நிறுத்திவிட்டதுபோல் எழுந்து உட்கார்ந்தான். பக்கத்தில் யாரும் இல்லை என்பது அதைவிடக் கொடுமை.

சொல்லாத ஆள் இல்லை. வெதுவெதுப்பாகப் பால் குடி. நட. கைப்பேசியைத் தள்ளி வை. நூறிலிருந்து பின்னோக்கி எண்ணு. எல்லாம் செய்தான். பூஜ்யத்தைத் தாண்டியும் எண்ணிவிட்டு விடிகாலையில் குளித்து வேலைக்குப் போனான். லிஃப்ட் பழுது பார்க்கும் நிறுவனத்தில் பொறியாளன் அவன். ஒருநாள் பன்னிரண்டாம் மாடி உயரத்தில் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்றுகொண்டு, நிறுத்தும் சுவிட்சை அழுத்தினோமா இல்லையா என்று நினைவில்லாமல் அப்படியே உறைந்துபோனான். கீழே இறக்கிவிட்டார்கள்.

"தூங்கிட்டு வாப்பா," என்றார் மேனேஜர். "தூங்காம மேல ஏறாதே. ஒரே வீட்டுக்கு ரெண்டு தடவை மாலை வாங்க என்னால முடியாது."

அன்றிலிருந்து உதிரிபாகக் கிடங்கில் நட்டும் போல்ட்டும் பிரித்துக்கொண்டிருந்தான்.

மூன்று விதமான மாத்திரைகள் தோற்ற பிறகு டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"இன்னொண்ணு இருக்கு. பழைய ஆயுதம். பார்பிட்யூரேட்னு பேரு. இப்பல்லாம் தூக்கத்துக்கு இதை நாங்க எழுதறதே இல்லை. ஏன்னு சொல்றேன், கவனமா கேளுங்க. தூங்க வைக்கற அளவுக்கும் மூச்சை நிறுத்தற அளவுக்கும் நடுவுல இடம் ரொம்பக் குறைவு. அளவு மீறிட்டா முறிக்க மருந்து கிடையாது. மது வாசனையே கூடாது. ரெண்டும் சேர்ந்தா மூளை மூச்சு விட மறந்துடும். ரெண்டு வாரத்துக்கு மேல கிடையாது. அப்புறமும் நீங்களா திடீர்னு நிறுத்தக் கூடாது, நான்தான் படிப்படியா குறைப்பேன். பட்டுனு நிறுத்தினா கை நடுங்கும், வலிப்பு வரலாம், இல்லாததெல்லாம் தெரியும்."

"சரி."

"இன்னொரு விஷயம். புட்டி உங்க கையில இருக்கக் கூடாது. அரை மயக்கத்துல, போட்டோமா போடலையான்னு தெரியாம எழுந்து போய் இன்னொண்ணு போட்டுக்குவாங்க. அப்படிப் போனவங்க நிறைய. கூட யாராவது இருந்து, எடுத்துக் குடுத்து, பூட்டி வைக்கணும். வீட்ல யார் இருக்கா?"

யாரும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். பிறகு பயில்வானை நினைத்துக்கொண்டான்.

"கனவு வருமா டாக்டர்?"

"இதுல கனவு அநேகமா வராது. கனவு காண்ற தூக்கத்தையே இது அமுக்கிடும்."

அதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

ஏழெட்டு மருந்துக்கடை ஏறி இறங்கினான். கடைசிக் கடைக்காரர் சீட்டைக் கண்ணாடிக்கு மேலாகவும் கீழாகவும் பார்த்தார்.

"இதை எழுதின டாக்டர் உயிரோடதான் இருக்காங்களா சார்?"

"நேத்து வரைக்கும் இருந்தாங்க."

"என் கைவசம் இல்லை. வரவழைச்சுத் தரேன். போன் பண்ணுவேன். நடுவுல வந்து வந்து கேக்கக் கூடாது." எச்சரித்துவிட்டு, கொஞ்சம் இறங்கிய குரலில், "யாருக்கு?" என்றார்.

"எனக்குத்தான்."

அவர் சீட்டை மடித்து வாங்கி வைத்துக்கொண்டார்.

மாத்திரை வேலை செய்தது. கசப்பு, பிறகு கால் விரல்களில் ஒரு கனம், பிறகு ஒன்றுமில்லை. கிணற்றில் கல் விழுவதுபோல் விழுந்தான். தண்ணீரில் பட்ட சத்தம்கூடக் கேட்கவில்லை. காலையில் தலை மரத்திருந்தது, நடை தள்ளாடியது, ஆனாலும் தூங்கியிருந்தான். யாரிடமும் சொல்லாத ஒன்று மட்டும் இருந்தது. அந்தக் கறுப்புக்குள் ஒரு கட்டைவிரல் அவன் புருவ நடுவிலிருந்து மூக்கு நுனிவரை மெல்ல இறங்கும். மறுபடி மேலே போய் இறங்கும். அவன் மனைவி குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தவள். பிற்பகலில் பிள்ளைகளை வரிசையாகப் படுக்க வைத்து அப்படித்தான் தடவித் தூங்கவைப்பாள். நான் கை வைத்துத் தூங்காத பிள்ளை இன்னும் பிறக்கவில்லை என்பாள். அவனுக்கும் செய்திருக்கிறாள். கனவு வராத மாத்திரையில் அது எப்படி வந்தது என்று அவன் யோசிக்கவில்லை. வந்தால் போதும் என்றிருந்தது.

இப்போது கசப்பும் இல்லை, கட்டைவிரலும் இல்லை. கூரையில் விசிறி சுற்றியது. அதன் ஓசையில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சின்னத் தடங்கல் இருந்தது; எண்ணெய் விடாத பேரிங், அவன் காதுக்குத் தெரியும். தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சம் திரைச்சீலை இடுக்கு வழியே வந்து அலமாரிக் கதவில் ஒரு கோடாக விழுந்து, அங்கிருந்து அவள் படுத்த பக்கத்து வெறும் தலையணைமேல் மடங்கிக் கிடந்தது. குளியலறைக் குழாய் சொட்டியது. ஹாலில் பயில்வானின் குறட்டை ஏறியது, இறங்கியது, ஏறியது. பிறகு நின்றது. அவன் தலையைத் தூக்கினான். வெகுநேரம் கழித்து, மரம் அறுப்பதுபோல் மறுபடி தொடங்கியது.

காலையில் பயில்வான் மேசையில் கையூன்றி உட்கார்ந்திருந்தான். கண்கள் பாதிதான் திறந்திருந்தன.

"நான் தூங்கலை," என்றான் அவன்.

"நான் நல்லாத் தூங்கினேன்."

"கேட்டுச்சு."

"மாமா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது." பயில்வான் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். "நீங்க ராத்திரி எழுந்து வர்றீங்க. தெரியுமா?"

"எப்போ?"

"மாத்திரை போட்டுத் தூங்கினப்புறம். முந்தின வாரம் பூரா. சோபா பக்கத்துல வந்து நின்னுட்டு, கையை நீட்டி, இன்னொண்ணு குடுன்னு கேப்பீங்க. கண்ணு திறந்துதான் இருக்கும். ஆனா ஆள் உள்ள இருக்க மாட்டீங்க."

அவனுக்கு ஒன்றும் நினைவில்லை. கையைப் பார்த்தான். அது அவனுடைய கைதான்.

"குடுத்தியா?"

"பைத்தியமா எனக்கு? முதல் நாள் முடியாதுன்னேன். போக மாட்டேங்கறீங்க. விடியற வரைக்கும் தலைமாட்டுல நிக்கறீங்க. அப்புறம் ஒரு ஐடியா பண்ணேன்." அந்தத் தூக்கக் கலக்கத்திலும் அவன் முகத்தில் ஒரு பெருமை வந்தது. "கை எலும்புக்குக் கால்சியம் மாத்திரை குடுத்திருக்காங்கல்ல எனக்கு, அதுவும் வெள்ளையா அதே சைஸ்தான். அதுல ஒண்ணை எடுத்துக் கையில வைச்சேன். சமத்தா வாங்கிப் போட்டுட்டுப் போய்ப் படுத்துட்டீங்க. தினம் அதேதான். உங்களுக்குத் தூக்கமும் ஆச்சு, எலும்பும் பலமாச்சு."

அவன் சிரிக்கவில்லை.

"வேற ஏதாவது சொன்னேனா?"

பயில்வான் கோப்பையை நகர்த்தினான். கோப்பை மேசை விளிம்பைத் தாண்டிவிட்டது. விழுவதைப் பிடிக்கக் கை நீட்டினான். கோப்பை உடைந்த பிறகுதான் கை போய்ச் சேர்ந்தது.

"என்ன சொன்னேன்?"

"'அவ குடுக்கச் சொன்னா'ன்னு சொல்வீங்க." பயில்வான் தரையைப் பார்த்தபடி சொன்னான். "விடுங்க மாமா. தூக்கத்துல ஆயிரம் உளறுவோம்."

அடுத்த இரவும் கசக்கவில்லை. அதற்கடுத்த இரவும். அவன் கேட்டான், பயில்வான் புட்டியைக் கண்ணுக்கு நேரே ஆட்டிக் காட்டினான். லேபிளில் அவன் பெயர் இருந்தது. நாக்கு மரத்துப்போயிருக்கும் என்றான் பயில்வான். அவன் மருந்துக்கடைக்குப் போனான். வேறு கம்பெனியா என்று கேட்டான். ஒரே புட்டியில எப்படி சார் ரெண்டு கம்பெனி வரும் என்றார் கடைக்காரர். மருத்துவமனைக்குப் போன் செய்தான்.

"டாக்டரம்மா வெளியூர். திங்கக்கிழமை வாங்க."

"மாத்திரை கசக்கலைங்க."

"என்னங்க?"

"முன்னாடி கசந்துது. இப்ப கசக்கலை. தூக்கமும் வரலை."

"சார், கசக்குதுன்னுதான் எல்லாரும் போன் பண்ணுவாங்க." வரவேற்பறைப் பெண் ஏதோ பக்கத்தைப் புரட்டினாள். "திங்கக்கிழமை காலைல வாங்க."

உலகத்தில் எல்லோரும் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவதுபோல் இருந்தது. கேட்டது, ஆனால் எதுவும் இந்தப் பக்கம் வரவில்லை.

கை நடுங்கத் தொடங்கியது. கிடங்கில் போல்ட்டுகள் விரல் நழுவிக் கீழே உருண்டன. முதுகு வியர்த்துச் சட்டை ஒட்டிக்கொண்டது, ஆனால் குளிரியது. கதவு அறைந்து சாத்தினால் பல்வரை அதிர்ந்தது. வீட்டில் ஒரு வாசனை வந்தது. குழந்தைகளுக்குப் போடும் முகப்பவுடர் வாசனை. அவள் வேலையிலிருந்து திரும்பும்போது புடவையெல்லாம் அந்த வாசனைதான் இருக்கும். அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தான். துணியில் இல்லை. மெத்தையில் இல்லை. ஹாலில் சோபாவின் தலைப்பக்கம் போய் நின்றபோதுதான் இருந்தது. பயில்வானின் நெற்றியில்.

"பவுடர் போட்டியா?"

"ம்?" பயில்வான் பகலிலேயே படுத்திருந்தான். இப்போதெல்லாம் பகலிலும் படுத்தான். நாக்கு தடித்தவன் மாதிரி பேசினான். "உங்க வீட்ல காத்து நல்லா வருது மாமா. படுத்தா எழவே தோணலை."

மாமியார் போன் செய்தார். மகள் போன பிறகு அந்தக் குரல் எப்போதும் ஏதோ சமைத்துக்கொண்டே பேசுவதுபோல் வேறு எங்கோ இருக்கும். அன்று நேராகக் கேட்டது.

"மாப்பிள்ளை, அவன் போனை எடுத்தா கொழகொழன்னு பேசறான். குடிக்கறானா?"

"இல்லை அத்தை. தூங்கறான்."

"அவன் உங்களைப் பார்த்துக்கறான்னுதான் அனுப்பினேன். இப்ப நீங்க அவனைப் பார்த்துக்குங்க. எனக்கு மிச்சம் அவன் ஒருத்தன்தான்."

"பார்த்துக்கறேன்."

சொன்னான். ஆனால் மனத்தில் இருந்தது பொறாமைதான். தன் தூக்கத்தை எல்லாம் யாரோ அள்ளி அந்தச் சோபாவில் கொட்டுவதுபோல் இருந்தது.

சனிக்கிழமை மாலை பயில்வானின் நண்பன் வீட்டில் ஏதோ விருந்து. இருட்டிக் கொஞ்ச நேரத்தில் திரும்பினான். கதவைத் திறந்ததும் பீர் வாடை வந்தது.

"ரெண்டே ரெண்டு மாமா," என்றான் கேட்பதற்கு முன்பே. "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

செருப்பைக் கழற்ற முயன்று, முடியாமல், ஒரு செருப்போடு சோபாவில் உட்கார்ந்தான். பையிலிருந்து கால்சியம் புட்டியை எடுத்தான். சின்ன வயதிலிருந்தே மாத்திரை என்றால் அவனுக்கு ஆகாது. நாக்கில் படாமல் இரண்டைத் தொண்டைக்குள் எறிந்து, கையோடு வாங்கி வந்திருந்த பழச்சாற்றை மடமடவென்று குடித்து, தலையைச் சிலுப்பிக்கொண்டான். அப்படியே பின்னால் சாய்ந்தான்.

"என் மாத்திரை?" என்றான் அவன்.

பயில்வானின் கண் மூடியிருந்தது.

"டேய். எனக்குக் குடுத்துட்டுத் தூங்கு."

தோளைப் பிடித்து உலுக்கினான். தலை ஒரு பக்கமாகச் சரிந்து வாய் திறந்துகொண்டது. குறட்டை வந்தது. அவனுக்குத் தாங்க முடியாத கோபம் வந்தது. பார்த்துக்கொள்ள வந்தவன். இரண்டு வாரமாகத் தின்று தூங்குகிறவன். கழுத்துக் கயிற்றைத் தூக்கித் தலைவழியே உருவி எடுத்தான். பெட்டியைத் திறந்து, தன் பெயர் போட்ட புட்டியிலிருந்து ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தான்.

மாவு.

கையில் துப்பிப் பார்த்தான். சுண்ணாம்புபோல் இருந்தது. பயில்வான் சொன்ன கால்சியம் மாத்திரை நினைவுக்கு வந்தது. சோபாவில் திறந்து கிடந்த பயில்வானின் புட்டியை எடுத்தான். கால்சியம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதிலிருந்து ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தான்.

கசந்தது.

ஈறுகளுக்குள் இறங்கியது. தொண்டையின் பின்பக்கம் ஒட்டியது. ஒரு கணம் அவனுக்கு ஏற்பட்டது சந்தோஷம். தொலைத்த பொருள் கையில் கிடைத்த சந்தோஷம். வாய் ஊறியது. கண்ணை மூடிக்கொண்டான்.

மறுகணம் துப்பினான்.

இரண்டு புட்டிகளையும் மேசையில் கவிழ்த்துக் கொட்டினான். அவன் புட்டியிலிருந்து எடுத்ததெல்லாம் மாவு. பயில்வானின் புட்டியிலிருந்து எடுத்ததெல்லாம் கசப்பு. அரைத்தூக்கத்தில் கை தவறி ஒன்றிரண்டு மாறியிருக்கலாம். இது அப்படி இல்லை. ஒன்று விடாமல் மாறியிருந்தது. யாரோ உட்கார்ந்து, அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக எடுத்து இடம் மாற்றி, மூடியைத் திருகி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்திருந்தார்கள். சாவி பயில்வானின் கழுத்தில். கயிற்றை இழுக்காமல் சாவியை எடுக்கும் மெல்லிய கை. தன் கையாக இருக்குமோ? ஆள் உள்ளே இல்லாதபோது எழுந்து நடக்கும் அந்தக் கை? நடுங்கும் விரல்களைப் பார்த்தான். அவற்றால் ஒரு மூடியைக்கூடச் சத்தமில்லாமல் திறக்க முடியாது.

அப்போதுதான் குறட்டை கேட்கவில்லை என்பது உறைத்தது.

சோபாவுக்கு ஓடினான். பயில்வானின் மார்பு அசையவில்லை. காதை வைத்து இதயத் துடிப்பைத் தேடினான். இருந்தது. தூரத்தில், கதவு சாத்திய அறைக்குள் யாரோ நடப்பதுபோல். பிறகு ஒரு மூச்சு வந்தது. ஈரமாக, இழுத்துக்கொண்டு. பிறகு இல்லை. கன்னத்தில் அறைந்தான். இமையைப் பிரித்தான். கண் அவனைப் பார்க்கவில்லை. உதட்டு ஓரம் சாம்பல் நிறமாக இருந்தது. நெற்றியில் பவுடர் வாசனை.

"எழுந்திருடா. உங்கம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன். எழுந்திரு."

ஒரு மூச்சு.

ஒருக்களித்துப் படுக்க வைத்தான். அந்த உடம்பைப் புரட்ட அவன் பலம் முழுவதும் போயிற்று. கைப்பேசியை எடுத்தான். விரல் தவறியது. மறுபடி. மறுபடியும் தவறியது. மணி அடித்தது.

"அவசர உதவி. சொல்லுங்க." ஆண் குரல்.

"என் மச்சான். மூச்சு நின்னு நின்னு வருது. தூக்க மாத்திரை. தெரியாம போட்டுட்டான். பீர் வேற குடிச்சிருக்கான்."

"என்ன மாத்திரை சார்?"

சொன்னான்.

"திரும்பச் சொல்லுங்க."

சொன்னான்.

"அப்படி ஒண்ணு லிஸ்ட்ல வரலையே. எழுத்துக் கூட்டிச் சொல்லுங்க."

"மூச்சு நிக்குதுங்க. முதல்ல வண்டி அனுப்புங்க."

"அனுப்பறோம் சார். அட்ரஸ் சொல்லுங்க."

வாயைத் திறந்தான். கதவு எண் தெரியும். தெருப் பெயர் தெரியும். இரண்டும் நாக்கின் அடியில் இருந்தன. நாக்கு எழவில்லை.

புருவ நடுவில் ஏதோ தொட்டது.

மெல்ல இறங்கியது. மூக்கு நுனிவரை.

தூக்கம் வந்தது. இத்தனை மாதமாக வராத தூக்கம், கேட்டபோதெல்லாம் வராத தூக்கம், அழுது கெஞ்சியபோதும் வராத தூக்கம், இப்போது வந்தது. வெதுவெதுப்பாக, முழங்காலிலிருந்து மேலே ஏறி வந்தது. வேண்டாம். இப்போது வேண்டாம். உள்ளங்கையைக் கடித்தான். வலி எங்கோ இருந்தது. கால் மடங்கியது. சோபாவின் காலில் முதுகு சாய்ந்து தரையில் உட்கார்ந்தான்.

"சார்? அட்ரஸ்?"

"ப…" என்றான்.

"சார், நீங்களும் குடிச்சிருக்கீங்களா?"

இல்லை என்றான். வேறு ஏதோ சத்தம் வந்தது.

"நீங்க பேசறது புரியலை. பக்கத்துல இருக்காங்களே, அவங்ககிட்ட போனைக் குடுங்க."

யாரும் இல்லை.

"ஒரு அம்மா பேசற சத்தம் கேக்குது சார். அவங்ககிட்ட குடுங்க. சீக்கிரம்."

பின்னால், சோபாவில், மூச்சு வரவில்லை. காத்திருந்தான். வரவில்லை. திரும்ப வேண்டும். தலை திரும்பவில்லை. இமைகள் இறங்கின. விரலால் இமையைத் தூக்கினான். விரலும் இறங்கியது.

கையில் கனம் குறைந்தது.

கைப்பேசியை அவன் நழுவ விடவில்லை. அது மேலே போயிற்று.

"சொல்லுங்க," என்றாள்.

காப்பகத்துக்குப் பெற்றோர் போன் செய்யும்போது பேசும் அதே குரல். பொறுமையான, சிரிப்பு கலந்த, சற்றே தாழ்ந்த குரல். பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளைகள் விழித்துக்கொள்ளக் கூடாதே என்று.

"ஒண்ணும் இல்லைங்க. பயப்படாதீங்க. அவருக்கு ரொம்ப நாளா தூக்கம் இல்லை, அதான் ஏதோ உளறிட்டார்."

நான் விழித்திருக்கிறேன், என்று கத்தினான். உதடு பிரியவில்லை.

"ஆமாங்க. வண்டியெல்லாம் வேண்டாம். ரெண்டு பேரும் இப்பதான் தூங்கினாங்க."

வெளிச்சம் மட்டும் தெரிந்தது. ஓர் ஆள் உயரத்தில், காதருகே வைத்துக்கொள்ளும் சாய்வில், கைப்பேசித் திரையின் வெளிச்சம். அதைப் பிடித்திருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. அது மெல்லக் குனிந்தது. பயில்வானின் திறந்த வாய்மேல் விழுந்தது. கழுத்தில் விழுந்தது. மார்பில் வந்து நின்றது.

அசையாத அந்த மார்பைப் பார்த்தபடி வெளிச்சம் அங்கேயே இருந்தது. பிறகு, அவசரமில்லாமல், அவன் பக்கம் திரும்பியது.